இர்ரெகுலர் வெர்ப்களை எந்த வழியில் படிப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

இறந்தகாலத்தில் வாக் என்பது வாக்ட் ஆகிறது, ஜம்ப் என்பது ஜம்ப்ட் ஆகிறது. எல்லா வினையும் இப்படியே நடந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருக்காது. ஆனால் கோ என்பது வென்ட் ஆகிறது, பை என்பது பாட் ஆகிறது, புட் மட்டும் புட்டாகவே நிற்கிறது. இப்படி விதிக்கு அடங்காதவையே இர்ரெகுலர் வெர்ப்கள், அதாவது ஒழுங்கற்ற வினைகள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்வதா, ஓசை பார்த்து வகை பிரித்துப் படிப்பதா, போனில் செயலி போட்டுக்கொள்வதா, இல்லை கதை படித்தால் தானாக வந்துவிடுமா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுவதற்காகப் படிப்பவர் பட்டியலில் தொடங்க வேண்டாம். தேர்வுக்காகப் படிப்பவர் பட்டியல் இல்லாமல் முடிக்க வேண்டாம். மற்றதெல்லாம் ஆளைப் பொறுத்தது.

ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

## சுமை உண்மையில் எவ்வளவு?

இலக்கணப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் வரும் அட்டவணையில் ஏறக்குறைய 150 முதல் 200 வினைகள் இருக்கும். பார்த்ததும் மலைப்பு வரும். அதை இறக்கிவைக்கச் சில வழிகள் உண்டு.

முதலில் ஒட்டுச் சொற்களைக் கழியுங்கள். ஸ்டாண்ட்–ஸ்டுட் தெரிந்தால் அண்டர்ஸ்டாண்ட்–அண்டர்ஸ்டுட் இலவசம். கம்–கேம் தெரிந்தால் பிகம்–பிகேம், டேக்–டுக் தெரிந்தால் மிஸ்டேக்–மிஸ்டுக், ஓவர்டேக்–ஓவர்டுக். வெல்கம் மட்டும் இதில் சேராது, அது வெல்கம்ட்.

அடுத்தது அட்டவணையின் மூன்றாவது பத்தி. நம் பள்ளிகளில் வி1 (மூல வடிவம்), வி2 (இறந்தகால வடிவம்), வி3 (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) என்று மூன்றையும் சேர்த்தே ஓதவைத்துப் பழக்கம். சிம்பிள் பாஸ்ட் என்ற சாதாரண இறந்தகாலத்துக்கு வேண்டியது வி2 மட்டும்தான். கான், சீன், டேக்கன் எல்லாம் பெர்ஃபெக்ட் டென்ஸுக்கும் பாஸிவ் வாய்ஸுக்கும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 'ஐ சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று வாய் தவறுவதில் இந்த மூன்று பத்தி ஓதலுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் புழக்கம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையே. பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், சீ இல்லாமல் அரைப் பக்கம்கூட எழுத முடியாது. ஏன் இவை மட்டும் திருந்தவில்லை என்று கேட்டால், அடிக்கடி புழங்குவதால்தான். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இன்று அவற்றில் 98 மட்டுமே ஒழுங்கற்றவையாக மிஞ்சியிருக்கின்றன. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக எட் விகுதிக்கு (வாக்ட், ஜம்ப்ட் கடைசியில் வரும் ஈ-டி) மாறிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஹெல்ப், வாக், கிளைம்ப் எல்லாம் ஒரு காலத்தில் ஒழுங்கற்றவையே. ஹெல்ப்புக்கு ஹோல்ப் என்று ஓர் இறந்தகாலம் இருந்தது.

படிப்பவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. எதை முதலில் படிப்பது என்ற கேள்விக்கு மொழியே விடை வைத்திருக்கிறது. புழக்கத்தில் முன்னே நிற்கும் ஐம்பது அறுபது வினைகள் கைக்கு வந்துவிட்டால் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் ஓடிவிடும்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. நாம் போனேன், போனாள், போனார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் வென்ட்தான். பீ மட்டும் வாஸ், வேர் என்று இரண்டாகப் பிரியும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் வாயில் வரும் வேகம். எதிரில் ஆள் நிற்கும்போது வி1-இலிருந்து எண்ணிக்கொண்டு வர நேரமில்லை. இரண்டாவது, எத்தனை நாள் நிற்கும் என்பது. மூன்றாவது ஸ்பெல்லிங்கும் முழுமையும். இவை எழுத்துத் தேர்வுக்குத் தேவை, பேச்சுக்கு அவ்வளவாக இல்லை. நான்காவது நேரமும் காசும்.

ஐந்தாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. அது கேள்வியும் மறுப்பும். 'ஐ டிட் நாட் வென்ட்' என்பது நம்மிடம் அதிகம் கேட்கும் பிழைகளில் ஒன்று. டிட் வந்துவிட்டால் இறந்தகாலம் அதிலேயே முடிந்துவிடும், வினை பழையபடி கோ ஆகிவிடும். மறுப்பில் தமிழும் இதைத்தான் செய்கிறது. போகவில்லை, வரவில்லை, சாப்பிடவில்லை என்கிறோம், 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே மறுப்பு வாக்கியத்தில் தாய்மொழி நமக்குத் துணை. கேள்வியில்தான் அது காலை வாரிவிடும். 'போனாயா?' என்பதில் இறந்தகாலம் வினையிலேயே இருப்பதால் 'டிட் யூ வென்ட்?' என்று வாய் இழுக்கிறது. நூறு வினைகளின் வி2 தெரிந்து இந்த ஒன்று தெரியாதவரைவிட, முப்பது வினைகளோடு இதுவும் தெரிந்தவர் நன்றாகப் பேசுவார்.

## முதல் வழி: பட்டியலை உருப்போடுவது

செலவு ஒன்றுமில்லை. புத்தகம் கையில் இருந்தால் போதும். கோ–வென்ட்–கான் என்று ஓதுவதில் ஒரு தாளம் இருப்பதால் சிறுவர்களுக்குப் பிடிக்கும். எந்த வினையும் விட்டுப்போகாது. ஸ்பெல்லிங்கும் கண்ணில் படும்.

மறைந்திருக்கும் செலவு அகரவரிசையில் இருக்கிறது. அட்டவணை எரைஸ், அவேக், பேர் என்று தொடங்கும். அன்றாடம் வேண்டிய கோ, மேக், சே, டேக் எல்லாம் பல பக்கம் தள்ளி வரும். பாதியில் விடுபவர்களே அதிகம் என்பதால், அவர்கள் கையில் மிஞ்சுவது ஏ, பி எழுத்துகளில் தொடங்கும் வினைகள்தான். ஃபோர்சேக், ஸ்லே போன்று கதைப்புத்தகத்துக்கு வெளியே அரிதாக வரும் வினைக்கும், சே என்ற வினைக்கும் ஒரே உழைப்பைக் கொட்டுகிறோம்.

இரண்டாவது செலவு சங்கிலி. ஓதிப் படித்தது ஓதினால்தான் வரும். பேச்சின் நடுவே பிராட் வேண்டுமென்றால் மனம் பிரிங் என்று தொடங்கி நடந்து வருகிறது, அதற்குள் பேச்சு கடந்துவிடுகிறது.

மூன்றாவது, அட்டவணை ஒலியைச் சொல்லாது. சே என்பதன் இறந்தகாலம் செட் என்று ஒலிக்கும். அதைப் பார்த்துப் படித்தவர்கள் 'செய்ட்' என்றே பழகிவிடுகிறார்கள். ரீட் என்பதன் இறந்தகாலம் அதே எழுத்துகளில் எழுதப்பட்டாலும் ரெட் என்று ஒலிக்கிறது.

இந்த வழி யாருக்கு நல்லது? பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் வரும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு. 'ஹி ஹேஸ் வென்ட்' போன்ற வாக்கியத்தைத் தந்து பிழை எங்கே என்று கேட்கும் இடத்தில் வி3 இல்லாமல் முடியாது. ஏற்கெனவே ஆங்கிலம் ஓரளவு படிப்பவர்களுக்கும் பட்டியல் உதவும். அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், தெரிந்ததை டிக் அடித்துக்கொண்டே போனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

## இரண்டாவது வழி: ஓசைக் கூட்டங்களாகப் பிரிப்பது

எனக்குப் பிடித்த வழி இது. ஒழுங்கற்றவை என்று பெயர் வைத்தாலும் இவற்றில் பெரும்பகுதிக்கு உள்ளூர ஓர் ஒழுங்கு உண்டு. நாமும் பள்ளியில் இறந்தகால இடைநிலைகளை த், ட், ற், இன் என்று பிரித்துத்தானே படித்தோம். செய்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்று தமிழும் ஒரே அச்சில் வார்ப்பதில்லை.

நெடில் குறிலாகும் கூட்டம் பெரியது. கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஸ்வீப்–ஸ்வெப்ட், ஃபீல்–ஃபெல்ட், லீவ்–லெஃப்ட், மீட்–மெட், ஃபீட்–ஃபெட். ஈகாரம் சுருங்கி எகரமாகிறது, அவ்வளவுதான். நெடில், குறில் என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை என்பதால் தமிழருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

மாறாமல் நிற்கும் கூட்டம் இன்னும் எளிது. புட், கட், ஹிட், லெட், செட், ஷட், ஹர்ட், காஸ்ட், ஸ்ப்ரெட். எல்லாமே டகர ஓசையில் முடிகின்றன. இதைத் திருப்பிப்போட்டு, டகரத்தில் முடிவதெல்லாம் மாறாது என்று நினைத்துவிடக் கூடாது. வெயிட் என்பது வெயிட்டட், வாண்ட் என்பது வாண்டட்.

ஆட் கூட்டத்தில் பை–பாட், பிரிங்–பிராட், திங்க்–தாட், ஃபைட்–ஃபாட், கேட்ச்–காட், டீச்–டாட் இருக்கின்றன. முதல் நான்கின் இறந்தகாலம் ஓ-யூ-ஜி-எச்-டி என்று முடியும். கேட்ச், டீச் இரண்டிலும் அந்த இடத்தில் ஓ போய் ஏ வரும். பாட், பிராட் இரண்டையும் நம்மில் பலர் மாற்றிப்போட்டுப் பேசுகிறோம். கடையில் காசு கொடுத்தது பாட், வீட்டுக்குத் தூக்கி வந்தது பிராட்.

இகரம் மாறும் கூட்டம் சிங்–சேங், ரிங்–ரேங், ட்ரிங்க்–ட்ரேங்க், ஸ்விம்–ஸ்வேம், பிகின்–பிகேன். ஓகாரம் ஏறும் கூட்டம் டிரைவ்–ட்ரோவ், ஸ்பீக்–ஸ்போக், பிரேக்–ப்ரோக், சூஸ்–சோஸ், வேக்–வோக். ஊகாரம் ஏறும் கூட்டம் நோ–ந்யூ, க்ரோ–க்ரூ, த்ரோ–த்ரூ, ஃப்ளை–ஃப்ளூ, டிரா–ட்ரூ.

செண்ட், ஸ்பெண்ட், லெண்ட், பில்ட் ஆகியவற்றில் கடைசி எழுத்து மட்டும் மாறும். மென்மையான டகரம் வன்மையான டகரமாகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நம் காதுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. எழுதியே பழக வேண்டிய கூட்டம் இது.

கோ–வென்ட் எந்தக் கூட்டத்திலும் சேராது. வென்ட் என்பது வழிச்செல்லுதலைக் குறித்த வேறொரு வினையின் இறந்தகாலம். கோ அதைத் தனதாக்கிக்கொண்டது. இதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும், ஆனால் மறக்க முடியாத அளவுக்கு அது எங்கும் வரும்.

மனித மனமும் இப்படித்தான் வகைப்படுத்துகிறது என்பதற்குச் சான்று உண்டு. 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர், சிங், ரிங் போல் ஒலிக்கும் பொய்ச்சொற்களைத் தந்து இறந்தகாலம் கேட்டபோது, பிள்ளைகள் பெரும்பாலும் எட் விகுதியைச் சேர்த்தார்கள். பெரியவர்களில் பலர் சேங், ரேங் பாணிக்குப் போனார்கள்.

அதே சான்று இந்த வழியின் ஆபத்தையும் காட்டுகிறது. ஓசை ஏமாற்றும். சிங் போலவே ஒலித்தாலும் ஸ்விங் என்பது ஸ்வங், ஸ்டிங் என்பது ஸ்டங், பிரிங் என்பது பிராட். நோ, க்ரோ போல ஒலிக்கும் ஷோ என்பது ஷோட், ஃப்ளோ என்பது ஃப்ளோட். ஆகவே ஒரு கூட்டத்தைப் படிக்கும்போதே அதில் சேராத ஒன்றிரண்டையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கூட்டங்களை ஒரே நாளில் தொடவும் கூடாது. தயாரிப்புக்குக் கொஞ்சம் நேரம் போகும், அதுதான் இதன் செலவு.

## மூன்றாவது வழி: அட்டையும் செயலியும்

ஒரு பக்கம் வி1, மறுபக்கம் வி2. சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும், தவறியது நாளைக்கே வரும். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து மறதியை அளந்ததிலிருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது நினைவில் நிற்கும் என்பது தெரிந்த செய்தி. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அதை அட்டைப்பெட்டி முறையாக்கினார். இப்போது ஆன்கி போன்ற செயலிகள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கேட்கும்.

நினைவில் நிற்பது என்ற அளவுகோலில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. ஆனால் ஒரு வாரம் திறக்காமல் விட்டால் அட்டைகள் குவிந்துகிடக்கும், அதைப் பார்த்தே பலர் கைவிடுகிறார்கள். அட்டை தயாரிப்பதே படிப்பு போலத் தோன்றி நேரத்தைத் தின்பதும் உண்டு. பிறர் செய்துவைத்த அட்டைக்கட்டை இறக்கினால் அதில் மறுபடி அகரவரிசைப் பட்டியல்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கோ என்று காட்டினால் வென்ட் என்று சொல்லப் பழகுவது பட்டியலின் சங்கிலியைத் துண்டு துண்டாக்குவதுதான், பேச்சு ஆகாது.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. அட்டையில் தனிச்சொல் வேண்டாம், தமிழ் வாக்கியம் எழுதுங்கள். 'நேற்று பால் வாங்கினேன்' என்று முன்பக்கம், 'ஐ பாட் மில்க் யெஸ்டர்டே' என்று பின்பக்கம். சில அட்டைகளில் 'பால் வாங்கினாயா?', 'பால் வாங்கவில்லை' என்றும் போட்டால் ஐந்தாவது அளவுகோலும் சேர்ந்துவிடும். போன் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே அட்டை ஆயிற்று.

தினமும் பேருந்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இது பொருத்தம். ஒழுங்காகத் தொடர முடியாதவர்களுக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

## நான்காவது வழி: கதை படிப்பது, கதை சொல்வது

ஆங்கிலக் கதைகள் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்டில் ஓடுபவை. படிக்கப் படிக்க செட், வென்ட், சா, கேம், டுக் எல்லாம் தாமாகவே கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். புழக்கம் அதிகமுள்ள வினைகளே அதிகம் வரும் என்பதால் முன்னுரிமையும் தானாக அமைந்துவிடும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலைவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். நிகழ்காலத்தில் எழுதிய கதைகளும் கலந்திருக்கும், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதன் செலவு காலம். வாசிப்பு மெதுவாகத்தான் ஊறும். அரிய வினைகள் கண்ணில் படாமலே போகலாம். படித்தால் புரியும், ஆனால் பேசும்போது வராது என்ற நிலையிலேயே பலர் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அதனால் வாசிப்போடு சொல்வதையும் சேர்க்க வேண்டும். இரவில் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியம். 'ஐ வோக் அப் லேட். ஐ மிஸ்ட் த பஸ். ஐ டிட் நாட் ஈட் லஞ்ச்.' எழுதினாலும் சரி, வாய்விட்டுச் சொன்னாலும் சரி. எட் விகுதியின் ஒலியும் இதில்தான் திருந்தும். மிஸ்ட் என்பதை 'மிஸ்ஸெட்' என்று இழுப்பவர்கள், பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்தாலும் இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பட்டியல் | ஓசைக் கூட்டம் | அட்டை, செயலி | கதை, பேச்சு |
|---|---|---|---|---|
| வாயில் வரும் வேகம் | குறைவு | நடுத்தரம் | வாக்கிய அட்டை என்றால் நல்லது | மிக நல்லது |
| நினைவில் நிற்பது | திரும்ப ஓதாவிட்டால் நிற்காது | நல்லது | மிக நல்லது | நல்லது |
| முழுமை, ஸ்பெல்லிங் | மிக நல்லது | நல்லது | நல்லது | குறைவு |
| கேள்வி, மறுப்பு | இல்லை | இல்லை | சேர்த்தால் உண்டு | உண்டு |
| மறைந்த செலவு | அரிய வினைகளுக்கு வீண் உழைப்பு | ஓசை ஏமாற்றுவது | விட்டால் குவிவது | மாதக்கணக்கில் காலம் |

## யார் எதை எடுப்பது?

அடுத்த மாதம் வேலைக்கான நேர்முகம் இருக்கிறது என்றால் ஓசைக் கூட்டங்களும் ஐந்து வாக்கியப் பேச்சும் போதும். பட்டியல் பக்கமே போக வேண்டாம். உங்கள் படிப்பையும் முந்தைய வேலையையும் பற்றிச் சொல்ல வேண்டிய வினைகளை மட்டும் முதலில் பிடியுங்கள்.

போட்டித் தேர்வு என்றால் கூட்டங்களில் தொடங்கி, வி3-ஐயும் சேர்த்து, கடைசியில் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். லை–லே, லே–லெய்ட் போன்ற குழப்பிகளுக்கு மட்டும் அட்டை போடலாம். ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தால் செயலி முழுப் பலன் தரும்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஈஎல்டிஎஸ் எழுதுபவர்கள் லேர்ண்ட், பர்ண்ட் ஆகியவற்றுக்கு டீ எழுத்தா, எட் விகுதியா என்று தவிக்க வேண்டாம். பிரிட்டனில் இரண்டும் புழங்குகின்றன, அமெரிக்காவில் எட் விகுதியே வழக்கம். தேர்வில் இரண்டும் செல்லும், ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் சரி.

சின்னப் பிள்ளைகளுக்கு நான்காவது வழி மட்டும் போதும். முன்பு வென்ட் என்று சரியாகச் சொன்ன குழந்தை திடீரென்று 'கோ-எட்' என்று சொல்லத் தொடங்கினால் பதற வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியான வீடுகளிலும் குழந்தைகள் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வருகிறார்கள், எட் விதி பிடிபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 'தப்பு' என்று நிறுத்தாமல், 'ஓ, யூ வென்ட் டு த பார்க்?' என்று சரியான வடிவத்தைப் பதிலிலேயே வைத்துப் பேச்சைத் தொடருங்கள்.